வேலைக்குப் போகிறவர் வீட்டில் நாய்க்குட்டி: தனியே இருக்கப் பழக்குவதிலிருந்து மோப்ப விளையாட்டு வரை

நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த இனம் நல்லது என்று. அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. வேலை நாளில் கதவைப் பூட்டும் நேரத்திலிருந்து திரும்பி வந்து திறக்கும் நேரம் வரை எத்தனை மணி? பயணம், வழியில் கடை, திடீரென்று நீளும் கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தாளில் எழுதுங்கள். 8 மணி நேர வேலை என்பவர்கள் வீட்டில் இல்லாத நேரம் எளிதாக 10 மணியைத் தொட்டுவிடும்.

அந்த எண் ஏன் முக்கியம் என்றால், குட்டி சிறுநீரை அடக்கக்கூடிய உச்ச நேரம் ஏறக்குறைய அதன் வயதோடு ஒன்று கூட்டினால் வருவதுதான். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம், 4 மாதக் குட்டிக்கு 5. அதுவும் தூங்கும்போது. விழித்து ஆடிக்கொண்டிருந்தால் முக்கால் மணிக்கு ஒரு தடவை வெளியே போக வேண்டியிருக்கும். வளர்ந்த நாய்க்கும் ஒரே மூச்சில் 4 மணி நேரத் தனிமை போதும். 6 மணியைத் தாண்டுவது தினசரி வழக்கமாகக் கூடாது. ஆகவே நடுப்பகலில் யாராவது வந்து வெளியே கூட்டிப் போகும் ஏற்பாடு இல்லாமல், 10 மணி நேரம் வீடு பூட்டிக் கிடக்கும் இடத்துக்குக் குட்டியைக் கொண்டுவராதீர்கள். வீட்டிலுள்ளவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம், பகல்நேர நாய்க் காப்பகத்தில் விடலாம். குட்டிக்குத் தேவையான அளவு அடிக்கடி ஆள் வர முடியாதென்றால் 2 வயது தாண்டிய, குணம் தெரிந்த நாயைத் தத்தெடுப்பது உங்களுக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.

துணைக்குத் துணை என்று ஒரே ஈற்றிலிருந்து இரண்டு குட்டிகளை எடுப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உங்கள் பேச்சைக் காதில் வாங்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றையும் தனித்தனியே நடத்தி, தனித்தனியே பழக்க வேண்டும். வேலை பாதியாகாது, இரட்டிப்பாகும்.

கொண்டுவரும் முன்

குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் குறைந்தது 8 வாரம் இருந்திருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதை அது அங்கேதான் கற்கத் தொடங்குகிறது. 5 வாரத்தில் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. கூண்டு ஒன்று: உள்ளே நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். வளர்ந்த அளவுக்கு வாங்கி, நடுவே தடுப்பு போட்டுச் சுருக்கிக்கொள்ளலாம். குட்டிக்கு மிகப் பெரிய கூண்டைக் கொடுத்தால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறு மூலையில் தூங்கும். கூண்டோடு இணைத்து வைக்கும் மடக்கு வேலி ஒன்று. நீங்கள் இல்லாத நேரங்களுக்குப் பூட்டிய கூண்டைவிட வேலியடைப்புதான் பொருத்தம். மார்பில் ஒய் வடிவில் வரும் ஹார்னஸ் என்னும் உடல்பட்டை, சுமார் 1.8 மீட்டர் நடைக்கயிறு, இரண்டு கனமான கிண்ணங்கள், கடிக்க நாலைந்து ரப்பர் பொருட்கள், சிறுநீர்க் கறைக்கான என்சைம் திரவம். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கூண்டுக்குள் விடும்போது பட்டையைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும்.

முழங்கால் போட்டுத் தரையில் தவழ்ந்து அறையை ஒரு சுற்று பாருங்கள். குட்டியின் கண் மட்டத்தில்தான் சார்ஜர் வயர்களும், மேசைக்கடியில் விழுந்த மாத்திரையும், கீழே வைத்த கைப்பையும் தெரியும். கைப்பை என்பது சாதாரண விஷயமில்லை. சர்க்கரையில்லா சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கும், கல்லீரலையும் பதம் பார்க்கும். பாரசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகள், சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மகடாமியா கொட்டை, மது ஆகியவையும் நஞ்சுதான். சாக்லேட்டில் கருமை கூடக் கூட ஆபத்தும் கூடும். வேகவைத்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். இவற்றில் எதையாவது விழுங்கிவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல், உறையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: வெளிக்குப் பழக்குதல்

விடுப்பு 10 நாளாவது எடுங்கள். முதல் சில இரவுகள் கூண்டைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நேற்றுவரை உடன்பிறப்புகளின் சூட்டில் தூங்கியதை வேறு அறையில் அடைத்துக் கத்தவிட்டால், அது கற்றுக்கொள்வது கூண்டு பயங்கரமான இடம் என்பதை மட்டும்தான். 8 வாரக் குட்டிக்காக இரவில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ எழ வேண்டியிருக்கும். பெரிய விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், வெளியே கொண்டுபோய், முடிந்ததும் உள்ளே விடுங்கள்.

பகலில் நேரம் பார்ப்பதைவிட நிகழ்ச்சியைப் பாருங்கள். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டு 5 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாட்டு முடிந்தவுடன், தண்ணீர் நிறையக் குடித்தால், தரையை மோந்தபடி வட்டமடித்தால் உடனே ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த இடத்தில் மரம் மாதிரி நில்லுங்கள். குட்டி முழுக்க முடிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். பாதியில் பாராட்டினால் பாதியிலேயே நிறுத்திவிட்டு ஓடிவரும், மீதியை வீட்டுக்குள் முடிக்கும். முடித்த கணமே, ஓரிரு நொடிக்குள், ஒரு துண்டுத் தீனி. பிறகு 5 நிமிடமாவது வெளியே விளையாட விடுங்கள். முடித்தவுடன் வீட்டுக்குள் தூக்கிவந்தால், வேலையை முடித்தால் வேடிக்கை போய்விடும் என்று கணக்குப் போட்டு அடக்கிவைக்கப் பழகும். குட்டிகள் இந்தக் கணக்கில் கெட்டி.

உள்ளே போய்விட்டால் அடிப்பதும், மூக்கை அதில் தேய்ப்பதும் பழைய பழக்கம். பயனில்லை என்பதோடு கெடுதலும் செய்யும். குட்டிக்குப் புரிவது 'இங்கே போகக் கூடாது' என்பதல்ல, 'இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது' என்பது. அப்புறம் அது சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து முடிக்கும், வெளியே உங்கள் முன்னாலும் போகாது. துணியால் ஒற்றியெடுத்து, என்சைம் திரவத்தை ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம் ஊற விடுங்கள். அமோனியா கலந்த தரைக்கழுவி வேண்டவே வேண்டாம். சிறுநீரிலும் அமோனியா இருப்பதால், இதுதான் இடம் என்று நீங்களே அடையாளம் வைத்தது போலாகும்.

தனியே இருக்கப் பழக்குதல்

வேலைக்குப் போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். விடுப்பு நாட்கள் முழுக்கக் குட்டி மடியிலேயே கிடக்கும். 11ஆம் நாள் காலை கதவு சாத்தப்படுகிறது, 5 மணி நேரம் ஆள் இல்லை. மாலையில் கதவு சுரண்டப்பட்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சரியில்லை. குட்டி பழிவாங்கியதாகச் சிலர் சொல்வார்கள். அது பீதி, பழிவாங்கல் இல்லை. தனியே இருப்பது நாய்க்குப் பிறவியிலேயே வருவதல்ல. உட்காரச் சொல்லித் தருவதுபோல் இதையும் சொல்லித் தர வேண்டும், தேவைப்படும் நாளுக்கு முன்பே.

குட்டி வந்த இரண்டாம் நாளே தொடங்கலாம். வெளிக்குப் போய்வந்து, சாப்பிட்டு, கண் சொக்கும் நேரமாகப் பாருங்கள்.

1. அடைப்புக்குள் விட்டு, கடிக்க ஏதாவது கொடுத்து, நீங்கள் வெளியே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். குட்டியைப் பார்க்கவோ பேசவோ வேண்டாம். நாளுக்கு 3, 4 தடவை.

2. எழுந்து இரண்டு அடி போய்த் திரும்புங்கள். பிறகு அறையின் மறுகோடி வரை. குட்டி தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கடிக்கத் தொடங்கினால் சரி.

3. அறைக் கதவுக்கு வெளியே 5 நொடி. பிறகு 10, 3, 20, 8, 40 என்று மாற்றி மாற்றி. ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டே போனால், போகப் போகக் கஷ்டம்தான் என்று அது எதிர்பார்க்கத் தொடங்கும். இடையிடையே சுலபமானதைப் போடுவது அதனால்தான்.

4. சாவி, செருப்பு, பை. நீங்கள் கிளம்பப் போவதை நாய் கதவைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை, சாவிச் சத்தத்தில் கண்டுபிடிக்கிறது. ஆகவே நாளில் பத்து தடவை சாவியை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு தேநீர் போடுங்கள். அந்தச் சத்தங்களுக்கு அர்த்தமில்லாமல் போகும்வரை.

5. வீட்டு வாசலுக்கு வெளியே 30 நொடி, 2 நிமிடம், 5, 10, 20. அரை மணி வரை போவதுதான் மெதுவாக இருக்கும். அரை மணி நேரம் நிம்மதியாக இருக்கும் குட்டி அங்கிருந்து 1 மணி, 2 மணிக்கு வேகமாகப் போய்விடும். தனிமைப் பதற்றம் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும்.

பழைய கைப்பேசி ஒன்றைப் பதிவில் வைத்துவிட்டுப் போங்கள். யூகத்தை நம்பாதீர்கள். வெயில் இல்லாமலே மூச்சிரைப்பது, எச்சில் ஒழுகுவது, கதவுக்கும் ஜன்னலுக்கும் மாறிமாறி நடப்பது, பிடித்த தீனியைத் தொடாமல் வைத்திருந்து நீங்கள் வந்ததும் தின்பது: இவை பீதியின் அடையாளங்கள். போரடித்த நாயோ சாவகாசமாகத் தலையணையைக் கிழிக்கும், நடுவில் தூங்கும், மறுபடி கிழிக்கும். சேதம் எங்கே என்று பாருங்கள். வாசல் நிலையிலும் ஜன்னல் ஓரத்திலும் இருந்தால் பீதி, கூடத்தின் நடுவே இருந்தால் சலிப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு. சலிப்புக்கு வேலை கொடுத்தால் போதும். பீதிக்கு நேரத்தைப் பாதியாகக் குறைத்து முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

கத்தட்டும், தானே அடங்கும் என்று விடுவது பற்றி: அடங்குகிற குட்டிகள் உண்டு. பல்லும் நகமும் உடையக் கூண்டைக் கடிக்கிற குட்டிகளும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று சோதித்துப் பார்ப்பது நல்ல யோசனை இல்லை. படிப்படியாகப் போயும் ஓரிரு மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் பதிவைக் காட்டுங்கள். இதற்கென்றே மருந்துகள் உள்ளன, பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் உதவும்.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் நாய்க்குத்தான் இந்தப் பயிற்சி இன்னும் அதிகம் தேவை, ஏனென்றால் அது தானாக நடக்காது. நாளில் இரண்டு தடவையாவது வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பாருங்கள், வாரத்தில் சில நாள் காரணமே இல்லாமல் வெளியே போய்வாருங்கள். காணொளிக் கூட்டத்துக்கு 20 நிமிடம் முன்னால் வெளிக்குக் கூட்டிப் போய், 5 நிமிடம் முன்னால் கடிபொருளைக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தின் நடுவே குட்டி குரைத்தபிறகு தீனி கொடுத்தால், அடுத்த கூட்டத்தில் இன்னும் சீக்கிரம் குரைக்கும்.

சாப்பாடு, ஊசி, பல்

4 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3, அதன்பின் 2. வேலை நாளில் கடைசி வேளையை நீங்கள் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்தால் இரவு எழுவது குறையும். வந்த இடத்தில் தின்ற உணவையே முதல் வாரம் கொடுங்கள். மாற்றுவதானால் 7 நாளில் கால், அரை, முக்கால் பங்காகக் கலந்து மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அளவுக்குச் சாதாரணக் கால்குலேட்டரிலேயே கணக்குப் போடலாம். நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதே எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்கி (10 × 10 × 10 என்பதுபோல்), வர்க்கமூலத்தை இரண்டு தடவை அழுத்தி, 70ஆல் பெருக்குங்கள். 10 கிலோ நாய்க்கு 1000, 31.6, 5.62, கடைசியில் 394 கலோரி. இது சும்மா படுத்திருக்கத் தேவைப்படுவது. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்கினால் சுமார் 630. 100 கிராமில் 360 கலோரி உள்ள உலர் உணவென்றால் 175 கிராம். 4 மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு 1.6க்குப் பதில் 3, அதற்குமேல் வளரும் பருவத்தில் 2. இது தொடக்கப் புள்ளிதான். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது என்பதை வைத்துக் கூட்டிக் குறையுங்கள். பயிற்சித் தீனி மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு துண்டும் பட்டாணியில் பாதி போதும். நாய் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், பருமனை அல்ல.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கொரு முறை, 16 வாரம் ஆகும்வரை போகும். ஏன் இத்தனை தடவை? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் ஊசியின் வேலையைத் தடுக்கும். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் தொடர்ச்சி. கடைசி ஊசியைத் தவறவிட்டால் முந்தையவை வீணாகியிருக்கவும் கூடும். வெறிநாய்க்கடி ஊசி வழக்கமாக 12 வாரத்திலிருந்து. உங்கள் ஊர் விதியை மருத்துவர் சொல்வார். குடற்புழு மருந்து ஆரம்பத்தில் 2 வாரத்துக்கொரு தடவை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. உருண்டைப்புழு கருவிலேயே குட்டிக்கு வந்துவிடுவதால் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்பது இதற்கு விலக்கு ஆகாது.

இதில் ஒரு சிக்கல். மனிதர், சத்தம், வாகனம் எல்லாவற்றையும் இயல்பாக ஏற்கும் வயது 3 முதல் 14 வாரம் வரைதான், ஊசி முடிவதோ அதற்குப் பிறகு. தீர்வு எளிது: குட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். தெருமுனையில் 10 நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஊசி போட்ட, நோயற்ற நாய்கள் உள்ள வீடுகளுக்கு அழைத்துப் போங்கள். பல நாய்கள் மலம் கழிக்கும் தரையில் மட்டும் இறக்க வேண்டாம். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொடர் வாந்தி, இரத்தம் கலந்த பேதி, சோர்ந்து கிடத்தல் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. நாயின் இயல்பு வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், மலவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு ஈரமா காய்ந்ததா என்பதை வைத்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது.

மூன்றரை மாதத்திலிருந்து 28 பால் பற்களும் விழுந்து 6, 7 மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் வரும். இடையில் கையில் கிடைப்பதெல்லாம் கடிபடும். கையைக் கடித்தால் கையை இழுக்காதீர்கள், ஓடும் இரையென்று துரத்தும். அசையாமல் நிறுத்தி, கடிபொருளை நீட்டி, விடாவிட்டால் அரை நிமிடம் வேலிக்கு அப்பால் போய்விடுங்கள். மாலையில் குட்டி வெறி பிடித்ததுபோல் கடித்தால் பெரும்பாலும் அது தூக்கமின்மை. நாளில் 18 மணி நேரம் தூங்க வேண்டிய பிராணி அது.

வேலை முடிந்து வந்தபின்: மோப்ப விளையாட்டு

நாள் முழுக்கத் திரையைப் பார்த்த மனிதருக்கும், நாள் முழுக்கக் கதவைப் பார்த்த நாய்க்கும் சேர்ந்து ஒரு பொழுதுபோக்கு வேண்டுமென்றால், ஒளித்துவைத்ததை நாய் மோந்து கண்டுபிடிக்கும் இந்த விளையாட்டைவிடப் பொருத்தமானது இல்லை. தாண்டும் தடைகளைக் கடக்கும் அஜிலிட்டி பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். 1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளைக் காட்சியாகத் தொடங்கி இன்று உலகம் முழுக்க நடக்கிறது. ஆனால் எலும்பின் வளரும் முனைகள் மூடி வளர்ச்சி நிற்கும் 12 முதல் 18 மாதம் வரை உயரத் தாண்டல் கூடாது, இடமும் கருவியும் வேண்டும். பந்தைத் திரும்பத் திரும்ப எறிவது நாயைக் களைப்பாக்குவதற்குப் பதில் பலசமயம் முறுக்கேற்றிவிடும். மோப்பத்துக்கு மூன்று அட்டைப் பெட்டி போதும். 10 வாரக் குட்டியும் விளையாடலாம், கால் நொண்டும் கிழ நாயும் விளையாடலாம்.

முதல் வாரம்: மின்விசிறியை நிறுத்துங்கள். திறந்த மூன்று பெட்டிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நாய் பார்க்கும்போதே ஒன்றில் வாசனையான தீனி, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு மாதிரி, போட்டு விடுங்கள். கண்டுபிடித்ததும் அதே பெட்டிக்குள் இன்னும் இரண்டு துண்டு போடுங்கள். கையில் கொடுத்தால் நாய் பெட்டியை விட்டுவிட்டு உங்கள் கையைத் தேடத் தொடங்கும். பரிசு எப்போதும் வாசனை இருக்கும் இடத்தில்தான்.

இரண்டாம் வாரம்: 5, 6 பெட்டிகள், ஒளிப்பதை நாய் பார்க்கக் கூடாது. ஆறில் ஒன்றில் மட்டும் தீனி வைக்க வேண்டும், அந்த ஒரு பெட்டியைத் தனியே குறித்து வையுங்கள். எல்லாப் பெட்டியிலும் மாறிமாறி வைத்தால் எல்லாமே மணக்கும், நாய் குழம்பும். சுட்டிக் காட்டாதீர்கள், "அங்கே பார்" என்று சொல்லாதீர்கள். சரியான பெட்டிக்கு அருகே நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால்கூட அதைப் படித்துவிடும்.

பிறகு மூடியைப் பாதி சாத்துங்கள், நாற்காலி மேல் வையுங்கள், அலமாரி இடுக்கில் வையுங்கள். விசிறியைப் போட்டுப் பாருங்கள். தீனி இருக்கும் இடத்தைத் தாண்டி எதிர்ச் சுவரோரம் நாய் சுற்றினால் அது தவறு செய்யவில்லை. காற்று வாசனையை அங்கே கொண்டுபோய்த் தேக்கியிருக்கிறது. ஒரு நிமிடம் விட்டால் காற்றை எதிர்த்து நூல் பிடித்ததுபோல் மூலத்துக்கு வந்து சேரும்.

தீனித் தேடல் கைவந்தபின் மோப்பப் போட்டிகளில் செய்வதுபோல் ஒரு குறிப்பிட்ட வாசனைக்கு மாறலாம். கிராம்பு எண்ணெய் தோய்த்த பஞ்சுக்குச்சியின் சிறு துண்டை, துளையிட்ட தகர டப்பாவில் போட்டு மூடி, தீனியோடு சேர்த்து ஒளியுங்கள். எண்ணெய் நாயின் தோலிலோ வாயிலோ படக் கூடாது, டப்பா திறந்துகொள்ளவும் கூடாது. இரண்டு வாரம் இப்படி. பிறகு டப்பாவை மட்டும் ஒளித்து, நாய் அங்கே நின்றதும் தீனியை அதன் பக்கத்திலேயே கொடுங்கள். எண்ணெய் தொட்ட கையால் மற்றப் பெட்டிகளைத் தொட்டிருந்தால் எல்லாப் பெட்டி முன்னாலும் நின்று உங்களைப் பார்க்கும். அப்போது திருத்த வேண்டியது நாயை அல்ல. கையுறை போட்டுக்கொண்டு புதுப் பெட்டிகளோடு மறுபடி தொடங்குங்கள்.

ஒரு மாலைக்கு 3 முதல் 5 தேடல், 10 நிமிடத்துக்குள். கடைசித் தேடல் எப்போதும் சுலபமானதாக இருக்கட்டும். நாய் நின்று மூச்சிரைத்தாலோ பெட்டிகளை விட்டுத் தரையை நக்கத் தொடங்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். தண்ணீர் வைத்துவிட்டுப் பெட்டிகளை நாய்க்கு எட்டாத உயரத்தில் அடுக்குங்கள். கீழே விட்டுவைத்தால் காலையில் அட்டைத் துகள்தான் மிஞ்சும்.